பழைய கறுப்புத் தலை மிதி மெஷின்: அடி உதை வீட்டிலிருந்து வெளியே வந்த பெண்ணுக்கு ஏற்றதா?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கணவனின் அடி தாங்க முடியாமல் பிள்ளைகளோடு ஒரு பெண் வெளியே வந்துவிட்டால், அம்மா வீட்டில் அவள் மூச்சு விடுவதற்குள் யாராவது ஒரு பெரியம்மா சொல்லிவிடுவார்: "ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்திடுங்க, அது பாட்டுக்குப் பொழச்சிக்கும்." நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் எந்த மெஷின், எப்போது வாங்குவது, ரசீது யார் பெயரில், எந்த அறையில் வைப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. மூன்று மாதத்தில் அந்த மெஷின் துவைத்த துணி மடித்து வைக்கும் மேசையாகிவிடுகிறது. "வாங்கிக் கொடுத்தும் அவளுக்கு இஷ்டமில்ல" என்ற பேச்சும் அவள் தலையிலேயே வந்து விழுகிறது.

அப்படி வாங்கித் தரப்படுவது பெரும்பாலும் பழைய கறுப்புத் தலை மிதி மெஷின்தான். ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டத்து லயன் வீடுகள் காலியாகி, ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறியபோது தோட்டத்துப் பாட்டிகளின் மெஷின்கள் கைமாறிக் கைமாறிப் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சிங்கர் உண்டு, பட்டர்ஃபிளை உண்டு. கனமான வார்ப்பிரும்புத் தலை, மரப்பலகை, கீழே இரும்பு மிதி, பக்கத்தில் தோல் பெல்ட். நேர்த்தையல் ஒன்றுதான் போடும். ஒழுங்காகப் பார்த்து வாங்கினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பாபின், அதாவது அடி நூல் சுற்றும் உருளை. வட்டமான சின்ன பாபினும், அதை உள்ளே வைத்துப் பூட்டும் பாபின் கேஸும் இருந்தால் எடுக்கலாம். படகு மாதிரி நீளமான உறைக்குள் ஒல்லியான பாபின் போடும் மிகப் பழைய வகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். பாபின் ஒன்று தொலைந்தால் தேடி அலைய வேண்டும். பட்டர்ஃபிளை ரகத் தலைகளுக்குச் சாதாரண வீட்டு மெஷின் ஊசியே போதும், எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும்.

அடுத்தது சக்கரம். நூலை முழுக்க எடுத்துவிட்டு, பெல்ட்டையும் கழற்றிவிட்டு, கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்த இடத்திலும் இறுகக் கூடாது, 'கிரிக்' என்று பிடிக்கக் கூடாது. முழுச் சுற்றும் ஒரே மாதிரி கனமாக இருந்தால் பழைய எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஊசி பிடிக்கும் கம்பியை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் தேய்ந்துவிட்டது. கீழே மூடியைத் தள்ளி, நூலைப் பிடித்துச் சுற்றும் கொக்கியின் முனையைப் பாருங்கள். அதில் துரு ஏறியிருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் கரையான்.

பிறகு தைத்துப் பாருங்கள். கடைக்காரர் தரும் துண்டில் வேண்டாம், வீட்டிலிருந்து கொண்டு போங்கள்: பாப்லின் துணி ஒரு சாண், மேலே போட சிவப்பு நூல், பாபினுக்கு வெள்ளை நூல். இரண்டு மடிப்பில் ஒரு கோடு, நான்கு மடிப்பில் ஒரு கோடு. துணியின் அடிப்பக்கத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் தளர்வு; மேலே வெள்ளை தெரிந்தால் மேல் நூல் இறுக்கம். நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருப்பினால் இது மாற வேண்டும். எவ்வளவு திருப்பியும் மாறவில்லை என்றால் அந்தத் தலைக்கு நாள் முடிந்துவிட்டது. தலை, மேசை, பெல்ட் எல்லாம் சேர்த்து 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்டால் யோசியுங்கள் என்பது எங்கள் கருத்து.

இனி, கரெண்ட் மெஷின் இருக்கும்போது மிதி மெஷின் எதற்கு என்ற கேள்வி. மோட்டார் வைத்த புது மெஷினின் மிதியைத் தொட்டதும் 'விர்ர்' என்று ஓடிவிடும். பழகியவருக்கு அது வசதி. ஆனால் வருஷக்கணக்காகக் கதவு அறையும் சத்தத்துக்கும், மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும் சத்தத்துக்கும் உடம்பு விறைத்துப்போன ஒருவருக்குத் திடீர் சத்தமும், கை மீறி ஓடும் துணியும் வேறு மாதிரி. உள்ளங்கை வேர்க்கும், துணி கோணும், இரண்டாம் நாள் மெஷின் பக்கமே போக மாட்டார். சோம்பல் என்று வீட்டில் நினைப்பார்கள். மிதி மெஷின் மிதிக்கிற வேகத்தில்தான் ஓடும், காலை நிறுத்தினால் நிற்கும். ஒரு தையல் போட்டுவிட்டு யோசிக்கலாம், இன்னொன்று போடலாம். சொன்னபடி கேட்கும் ஒரு பொருள் கையில் இருப்பது, தன் சொல்லுக்கு மதிப்பே இல்லாத வீட்டில் இருந்து வந்தவருக்குச் சின்ன விஷயம் இல்லை. இரவில் மிதித்தாலும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தூங்கும் பிள்ளை எழாது. நாங்கள் இந்த மெஷினுக்கு ஓட்டுப் போடுவதற்கு முதல் காரணம் இதுதான், விலை அடுத்தபடிதான்.

பழகும் முறை: முதல் வாரம் நூலே வேண்டாம். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து, நூல் கோக்காத ஊசிக்குக் கீழே வைத்து, கோட்டின் மேலேயே மிதியுங்கள். ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும். கண் ஊசி மேல் இருக்கக் கூடாது, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் வலது ஓரத்தில் இருக்க வேண்டும். ஊசியைப் பார்த்தால் கோடு நெளியும். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் வரிசையாக மின்னும். முதல் தாளில் பாம்பு மாதிரி போகும். பத்தாவது தாளில் கோட்டை விட்டு விலகாது. அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி வையுங்கள். "உனக்கு ஒன்னும் தெரியாது, நீ எதுக்கும் லாயக்கில்ல" என்று பல வருஷம் கேட்ட காதுக்கு, வாயால் சொல்லும் ஆறுதலை விட அந்தப் பத்துத் தாள்கள் அதிகம் பேசும்.

இரண்டாம் வாரம் நூல். தொல்லை தொடங்குவதும் அப்போதுதான். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டால் பாபினைக் குறை சொல்லாதீர்கள், தவறு பெரும்பாலும் மேலே இருக்கும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். பாதம் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் அதற்குள் இறங்காது. பாதத்தைத் தூக்கி வைத்து, முதலில் இருந்து மறுபடி நூலைக் கோத்துவிடுங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கிறது, அல்லது திருப்பி மாட்டியிருக்கிறது. நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான் ஊசியின் தட்டைப் பகுதி இருக்க வேண்டும். மெல்லிய பட்டுக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் காலுக்கு 16. சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் நூல் உள்ளே சிக்கி அறுந்துவிடும்; மிதிக்கப் பழகுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதனால் முதல் சுற்றைக் கையால் தள்ளிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும்.

பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை லேசாக ஒரு உதறு உதறிப் பாருங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. இறங்கவே இல்லை என்றால் இறுக்கம், சரசரவென்று தரைவரை போனால் தளர்வு. பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் தப்பு, தேங்காய் எண்ணெய். கையில் இருக்கிறதே என்று விடுவார்கள். ஆறு மாதத்தில் அது பசையாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மெஷினுக்கென்று விற்கும் தண்ணீர் மாதிரியான எண்ணெய் ஓட்டைக்கு ஒரு சொட்டு, வாரம் ஒரு தடவை. விட்டபிறகு பழந்துணியில் சில கோடு தைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வாடிக்கையாளரின் பட்டில் கறை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஊசித் தட்டின் அடியில் துரு சீக்கிரம் வரும், வாரா வாரம் பிரஷ்ஷால் பஞ்சை எடுத்துவிடுங்கள். தோல் பெல்ட் நாளாக நாளாக நீண்டு வழுக்கும். கொக்கியை நிமிர்த்தி, ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புது ஓட்டை போட்டு மறுபடி மாட்டினால் போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த மெஷின் ஓரம் அடிக்காது. பாஜு கூரோங் எனும் மலாய் உடை, லைனிங் இல்லாத ரவிக்கை எல்லாவற்றுக்கும் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் வேண்டும், அதற்கு டவுனில் வேறு கடைக்குக் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். முழங்கால், கணுக்கால் அடிபட்டு இன்னும் நோகிறவர்களுக்கு மிதி ஆகாது. மணிக்கட்டு உடைந்து சேர்ந்தவர்கள் சக்கரத்தைத் தள்ளச் சிரமப்படுவார்கள். அவர்களுக்கு மோட்டார் மெஷின்தான் சரி, வேகத்தைக் குறைத்து வைக்கும் விசை உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

பெரிய குறை, கனம். தலை மட்டுமே 10 கிலோவுக்கு மேல், இரும்புக் கால் தனி. அவசரமாக இடம் மாற நேர்ந்தால் கிராப் காரில் ஏற்ற முடியாது. அதனால் எங்கள் தீர்ப்பு இப்படி: இன்னும் தங்குமிடம் உறுதியாகாதவர், அடித்த கணவன் தேடி வருவான் என்ற பயம் உள்ளவர், இந்த மெஷினை இப்போது வாங்க வேண்டாம். 6, 7 கிலோவில் கைப்பிடி வைத்த வீட்டு மெஷின் ஒன்றை இரவல் வாங்கிப் பழகுங்கள். அறை நிலைத்த பிறகு இதை வாங்கலாம்.

மெஷின் ஏற்கெனவே இருந்து, அது விட்டு வந்த அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தால்? அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வருவது வேண்டாம், அதில்தான் அடிதடி ஆகும். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணையில், அதிகாரி ஒருவர் துணையோடு அந்த வீட்டுக்குள் போய்த் தன் சொந்தப் பொருள்களை எடுத்துவர அனுமதி கேட்கலாம். வழக்கமாக ஓட்டிவந்த வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தவும் கேட்கலாம். மனுப் போடும்போதே சமூக நல இலாகா அதிகாரியிடம் பொருள்களைப் பட்டியலிட்டுக் கொடுங்கள்: மெஷின், அதன் நம்பர், கத்தரிக்கோல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம்.

கோபத்தில் கணவன் மெஷினைத் தூக்கிப் போட்டு உடைத்திருந்தால், அதை "சாமான்தானே போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மனசை நோகடிக்க வேண்டும் என்றே பொருளை உடைப்பதும் அந்தச் சட்டப்படி குடும்ப வன்முறைதான். 2017-இல் திருத்தியபோது, மனைவியின் சொத்தை மோசடியாக எடுத்துக்கொண்டு அவரைப் பண நஷ்டத்தில் தவிக்கவிடுவதையும் சேர்த்தார்கள். நஷ்டஈடு கேட்கும்போது உடைந்த பொருளின் மதிப்பு, தைக்க முடியாமல் போன நாள்களின் வருமானம், வீடு மாறிய செலவு எல்லாம் கணக்கில் வரலாம். அதனால்தான் ரசீது யார் பெயரில் என்று தொடக்கத்திலேயே கேட்டோம். பழைய சாமான் கடையாக இருந்தாலும் சரி, தன் பெயர், தேதி, தொகை, மெஷின் நம்பர் எழுதி ஒரு ரசீது வாங்குங்கள். படம் எடுத்து அக்காளுக்கோ தோழிக்கோ வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள்.

ஆணைகளில் குழப்பம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறோம். அவசரப் பாதுகாப்பு ஆணையை நல இலாகா அதிகாரியே தருவார். மனுச் செய்த 2 மணி நேரத்துக்குள் தர வேண்டும், 7 நாள் செல்லும், போலீஸ் ரிப்போர்ட் கட்டாயமில்லை. இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்குப் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். போலீஸ் விசாரணை முடியும்வரை செல்லும். நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானபின் வருவது பாதுகாப்பு ஆணை, 12 மாதம் வரை, நீட்டிக்கவும் முடியும். ரிப்போர்ட் எழுதியதும் வீட்டுக்குத் திரும்பிவிடாமல், நல இலாகாவுக்கான கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் கேட்டு வாங்குவதுதான் பலர் தவறவிடும் படி. காயம் இருந்தால் அதற்கு முன்பே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், குடும்ப வன்முறை என்று வாய்விட்டுச் சொல்லி, காயத்தைப் பதிவு செய்யுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 15999, தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண், 24 மணி நேரமும்.

வேலைக்கு வருவோம். முதல் மூன்று மாதம் ரவிக்கைக்குக் கை வைக்காதீர்கள். பேண்ட் கால் மடிப்பு, பள்ளிச் சீருடையின் இடுப்புக் குறைப்பு, தலையணை உறை, ஜன்னல் திரை. நேர்த்தையல் வேலை, கெட்டாலும் பிரிக்கலாம். பிரிப்பதையும் முறையாகப் பழகுங்கள்: ஒரு பக்கத்தில் நான்கு தையலுக்கு ஒன்று என்று வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளமும் கழன்று வரும், துணி கிழியாது. தப்பு செய்தால் அடி விழுந்த வீட்டில் இருந்து வந்தவர்கள், தையல் கோணியதும் துணியை மறைத்து வைப்பதை, தையல் சொல்லித் தரும் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அவர்கள் கையில் பிரிக்கும் கத்தியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இங்கே தப்பு என்பது ஐந்து நிமிஷ வேலை என்று கைக்குத் தெரிய வேண்டும்.

பிறகு ரவிக்கை. துணி ஒரு மீட்டர், லைனிங் ஒரு மீட்டர். லைனிங்கை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பில் அது சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும். பக்கத்தில் ஒன்றரை அங்குலம் உள்மடிப்பு விடுங்கள், அடுத்த தீபாவளிக்குப் பிரித்துக்கொள்ள வாடிக்கையாளருக்கே உதவும். அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல். தோள் நழுவினால் கழுத்தை அகலமாக வெட்டிவிட்டீர்கள். கையைத் தூக்கும்போது ரவிக்கையே மேலே ஏறினால் அக்குள் வெட்டு ஆழமாகிவிட்டது. முதல் ரவிக்கையைத் தனக்கே தைத்துக்கொள்வது நல்லது. தன் உடம்பைத் தானே அளந்து, தனக்குப் பிடித்த நிறத்தில், யாரிடமும் கேட்காமல் கழுத்து வடிவத்தை முடிவு செய்வது என்பது பலருக்கு ரொம்ப காலத்துக்குப் பிறகு நடக்கும் காரியம்.

காசு தன் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் போகட்டும். பழைய கணக்கின் கார்டும் இரகசிய எண்ணும் கணவரிடம் இருந்தால் புதிது திறந்துவிடுங்கள். வாடிக்கை சேர்ந்ததும் வியாபாரத்தை எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதியலாம், சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி. தவணைக்கு மெஷின் வாங்கினால் ஒப்பந்தத்தில் யார் பெயர் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்கள் பக்கம் போகவே வேண்டாம். இந்தியச் சிறு வியாபாரிகளுக்கு தெக்குன் என்ற அரசாங்க நிறுவனம் வழியாக ஸ்புமி கடன் திட்டம் இருக்கிறது.

மெஷின் தூக்கம் தராது. இரவில் திடுக்கிட்டு எழுவது, பழைய சத்தம் காதில் கேட்பது, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் கத்திவிடுவது எல்லாம் தையலால் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் சங்கம் ஆலோசனை தருகிறது. ஈப்போவுக்குத் துணி எடுக்கப் போகும் நாளிலேயே இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால், தனியாக ஒரு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, அளவு எடுக்கும் இடம். மெஷினைக் கூடத்தில் வைத்தாலும் அளவு எடுக்கத் திரை போட்ட ஒரு மூலை வேண்டும். டேப்பை முதுகுப் பக்கமிருந்து திடீரென்று சுற்றாதீர்கள். "கை தூக்கும்மா, இப்ப இடுப்புக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். முழுக்கை வைத்துத் தைக்கச் சொல்பவர், கழுத்தை மூடச் சொல்பவர், மேல் கையில் டேப் பட்டதும் முகம் சுளிப்பவர் வருவார்கள். அப்போது கேள்வி கேட்க வேண்டாம், கூட வந்தவர்கள் முன்னால் கேட்கவே வேண்டாம். அளவுச் சீட்டின் கீழே 15999 என்று எழுதி, ரவிக்கைத் துணியோடு மடித்துக் கொடுத்து, "துணி எடுக்க வர்றப்போ தனியா வாங்க தங்கச்சி, போட்டுப் பார்த்துச் சரி பண்ணணும்" என்று சொல்லி அனுப்புங்கள்.